துறைமுகக் குமாஸ்தாவின் பெரிய எண்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இராமானுஜன் என்றதும் எல்லாரும் 1729 என்பார்கள். அதை விட்டுடுவோம், மேடைக்கு மேடை கேட்டாச்சு. நான் சொல்ல வந்தது 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் போர்ட் டிரஸ்ட். 1912 மார்ச்சில் அங்கே கணக்குப் பிரிவில் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார் இராமானுஜன். எஃப்.ஏ. தேறாதவர். 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் புறப்பட்டார். மறு வருஷமே லண்டன் கணிதக் கழக இதழில் ‘உயர் பகு எண்கள்’ என்ற அவரது கட்டுரை வந்தது.

அது என்ன எண்? 12-ஐ எடுத்துக்குங்க. 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எதற்கும் இத்தனை கிடையாது. தனக்குச் சின்ன எண்கள் அத்தனையையும் காரணிக் கணக்கில் தோற்கடிப்பதே உயர் பகு எண். 24, 36, 48, 60 இந்த வகைதான். பழைய பவுனுக்கு 240 பென்ஸ், அதுவும் சேர்த்தி. (குமாஸ்தாவின் வருஷச் சம்பளம் 360 ரூபாயும் உயர் பகு எண்! அது தற்செயல்.)

இப்போ நம்ம பெரிய எண். பகா எண்களாகப் பிரித்தால் 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்க: 7 × 5 × 3 × 3, அப்புறம் ஐந்து 2. மொத்தம் 10,080 காரணிகள்! அடுக்குகள் இறங்கியே வருவதைக் கவனிங்க. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு கொடுத்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். காரணிகள் குறையாமல் எண் சிறுத்துவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான், விதிவிலக்கு 4-உம் 36-உம் மட்டும் என்றும் நிரூபித்தார்.

நாமகிரித் தாயார் அருள் என்று கும்பிட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையைப் பார்த்தால் தெரிவது உழைப்பு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 102 எண்களின் அட்டவணை. அதில் கடைசிதான் இது. கழகத்தில் பணத் தட்டுப்பாடு, கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அது வெளிவந்தது 1997-இல்! ஆனாலும் அச்சான பகுதியை வைத்தே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அவ்வளவு பெரிய அட்டவணையில் ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் அதுதான் கிடைக்கும். அதற்கு 5,040 காரணிகள். எண்ணை நான் சொல்லப்போவதில்லை. தம்பிகளா, கடைக் கால்குலேட்டரில் 13 இலக்கம் அடங்காது. தாளில் போட்டுப் பாருங்க.