ஒரு கணினிக்கு ஒரு ஆன்டிவைரஸ்

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னப் பட்டறைகளில்கூட இப்போது கம்ப்யூட்டர் உண்டு. பில் போட, டிராயிங் பார்க்க. பென் டிரைவ் ஆளுக்கு ஆள் கைமாறும். அதில் வைரஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் சிலர் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுவிடுகிறார்கள். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்குமாம்.

நடப்பது வேறு. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் ஒரே லாரியை இரண்டு அதிகாரிகள் ஒரே நேரத்தில் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இவர் தார்ப்பாயை அவிழ் என்பார், அவர் கட்டு என்பார். வண்டி நகருமா? நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு ஆன்டிவைரஸும் அப்படித்தான் மறிக்கின்றன. கம்ப்யூட்டர் திணறும். சில நேரம் ஒன்று மற்றொன்றையே வைரஸ் என்று பிடித்துவிடும்! நல்ல காவல்தான், போங்கள்.

ஒன்று போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. சென்னையில் பிறந்த கே7 போல வேறொன்றைப் போட்டால், டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து இரண்டைப் போட்டால்தான் வம்பு. அதனால் புதியதைப் போடும் முன் பழையதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். திரையில் இருக்கும் அதன் ஐகானை மட்டும் அழித்தால் அது போகாது. முறைப்படி நீக்கி, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு புதியதை ஏற்றுங்கள்.