ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு நிறுத்தம்

திண்டிவனம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் மரக்காணம்தான்: உப்பளம், மீன்பிடிப் படகு, அலை. பவளப்பாறையைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே தீவு தீவாகக் கிடக்கிற அந்தக் கடல் 1986-இல் தேசியப் பூங்காவானது.

அந்தப் பாறைகளைக் கட்டியவை பொடிப்பொடி உயிர்கள். சுண்ணாம்பைச் சுரந்து சுவர் எழுப்புகின்றன. உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. கடல்நீர் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் அங்கே அதுதான் நடந்தது.

விழுப்புரத்தில் ரயிலேறி ராமேஸ்வரம் போகிற நாம் தீர்த்தமாடிய கையோடு திரும்பிவிடுகிறோம். போகிற வழியிலுள்ள மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பவளப்பாறைத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள், அது வனஉயிரினச் சட்டப்படி குற்றம்.