பென்ஷன் பக்கத்தை எழுதும் முன்

(மக்கள் சேவைத் தகவல்களை எழுதும் புதிய பணியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொள்கை ஆலோசகர்னு சொன்னதும் நமக்கு லேப்டாப்பும் தடிமனான அறிக்கையும்தான் நினைவுக்கு வரும். அந்த வேலையை வேற மாதிரி செய்த ஒருவரைப் பற்றி இன்னைக்குப் பேசறேன். அவர் எஸ். குஹன்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1970-களில் தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளர். பிறகு ஆராய்ச்சிக்கு வந்தார். பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். 1998-ல் மறைந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்தார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும், திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசியும் அவற்றில் உண்டு. 1980-களில் அந்த இரண்டு ஊர்களையும் குஹன் சக ஆய்வாளர்களோடு மறுபடி ஆய்வு செய்தார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு என்று பார்த்தார். நிதித்துறையை நடத்தியவர், அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய ஊரையும் படித்தார். அவருடைய பெரிய தகுதி இதுதான்னு நான் நினைக்கிறேன்.

கூலி வேலை செய்பவருக்கு பி.எஃப். கிடையாது. முதுமையில் என்ன செய்வார்? முதியோர் உதவித்தொகை, பிரசவ உதவி, சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி என ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பை அரசே தர முடியும் என்று குஹன் செலவுக் கணக்கோடு எழுதினார். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லேயே தொடங்கிவிட்டது. 1995-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய சமூக உதவித் திட்டத்தில் இந்த மூன்று உதவிகளும் இருந்தன.

இப்போ என் கதை. முதியோர் உதவித்தொகைக்கான தகவல் பக்கத்தை நான்தான் எழுதினேன். தகுதிகள், ஆவணங்கள் எல்லாம் அரசாணைப்படி சரியா இருந்தது. ஒருநாள் ஒரு இ-சேவை மையத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். பேத்தியோடு மூணாவது முறையா வந்திருந்தார். ஆதாரில் ஒரு பெயர், பேங்க் புத்தகத்தில் வேறொரு பெயர். இரண்டும் ஒத்துப்போகணும்னு என் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பஸ் இலவசம்தான். ஆனா பேத்தியோட மூணு நாள் கூலி? மாதம் 1,200 ரூபாய்க்காக வந்தவங்க அவங்க.

அன்னைக்கு ராத்திரியே அந்த வரியைச் சேர்த்தேன். முன்னாடியே சேர்த்திருக்கணும்.

நம்ம எல்லாராலும் குஹன் ஆக முடியாது. ஆனா ஒண்ணு செய்யலாம். பக்கத்தை வெளியிடும் முன், அதே உதவிக்கு விண்ணப்பிக்க வந்த ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவர் எந்த இடத்தில் "அப்படின்னா என்னப்பா?"ன்னு கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்க.