கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கீழ்த்தள பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றி வந்தால் கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வருவது தெரியும். முழங்கால் வலிக்காக வாங்கியவர்கள் உண்டு. அவினாசி ரோடு சிக்னல்களுக்குப் பயந்து வாங்கியவர்களும் உண்டு. இந்த வசதி உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-லேயே ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரில் ஓல்ட்ஸ்மொபைல் காருக்குக் கொடுத்துவிட்டது. நம் ஊரில் 2014-ல் மாருதி செலிரியோ ஏஎம்டி கியரோடு வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது கைக்கெட்டியது. பிக்கப் வண்டிகளில் இன்னும் தாமதம். இசுஸு வி-கிராஸ் 2019-லும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-லும் இங்கே ஆட்டோமேட்டிக்கில் கிடைக்க ஆரம்பித்தன.

அன்று வாங்கிய கார்களில் பலவற்றுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. வாரண்டி முடிந்து வெகுநாள் ஆகிறது. "கியர் சரியா மாற மாட்டேங்குதுங்க" என்ற பேச்சை லிஃப்டில் அடிக்கடி கேட்கிறேன். அதற்கு அடுத்த வாரம் கேட்பது, "கியர்பாக்ஸ் போயிருச்சாம், இறக்கணும்கறாங்க" என்பது. எஸ்டிமேட் லட்சத்தைத் தாண்டுகிறது. நம் பிளாக்கில் ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். காரில் என்ன பழுது என்று கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் கணக்கு டாலி ஆகாத சாயங்காலங்களை நிறையப் பார்த்தவன். டிரையல் பேலன்ஸ் இடித்தால் லெட்ஜரைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுத மாட்டோம். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால், 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடுவோம். 2-ஆல் வகுபட்டால், அதில் பாதித் தொகை பற்றுக்குப் பதிலாக வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். வித்தியாசமே தேட வேண்டிய இடத்தைக் காட்டும். வண்டிக்கும் அதே முறைதான். பழுது எப்போது, எப்படி வருகிறது என்று முதலில் எழுதுங்கள். பிறகு செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்குங்கள். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வரியாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் "ஆட்டோமேட்டிக்" என்றே சொல்கிறோம், ஆனால் உள்ளே நான்கு வகை இருக்கிறது.

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு கருவி செய்கிறது. கியர் லீவரில் "பி" என்ற பார்க்கிங் நிலை இல்லையென்றால் பெரும்பாலும் ஏஎம்டிதான். கிளட்ச் தட்டு இதிலும் தேயும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் அதற்காகக் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியதில்லை. டார்க் கன்வெர்ட்டர் வகையில் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு டேபிள் ஃபேன்களில் ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதுபோல ஆயில் வழியாக சக்தி போகிறது. பெரிய கார்களிலும் பிக்கப்பிலும் இதுதான் அதிகம். சிவிடி வகையில் பல் சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் இருக்கும். டிசிடி வகையில் கிளட்ச் இரண்டு. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

அடுத்தது நோட்டு. பத்து நாள் எழுதினால் போதும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வண்டி சூடேறிய பிறகா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு? சமதளத்திலா, ஏற்றத்திலா? அந்த நேரத்தில் இஞ்சின் ஆர்பிஎம் என்ன செய்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? நான்கே பத்திகள்.

இப்படி எழுதினால் பழுது ஐந்து வகைகளில் ஒன்றாகத் தெரியவரும்.

ஒன்று, "டி" போட்டபின் வண்டி இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு நகர்வது. ஆயில் குறைவாக இருக்கலாம். காலையில் மட்டும் வந்தால், உள்ளே சீல்கள் வயதாகி இறுகியிருக்கலாம்.

இரண்டு, நழுவல். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ஆயில் குறைவு அல்லது கிளட்ச் தேய்மானம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நழுவ நழுவச் சூடேறும், சூடேற ஏற இன்னும் தேயும்.

மூன்று, கியர் மாறும்போது இடி. ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வு காரணமாக இருக்கலாம். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே இடிதான். ஏஎம்டி வண்டியில் புதிதிலிருந்தே இருக்கும் லேசான தலையாட்டல் பழுது அல்ல, அதன் சுபாவம்.

நான்கு, ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேகம் எடுக்காமல் போவது. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸைக் காப்பாற்றத் தானே இந்த நிலைக்குப் போகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகி, சில நாள் கழித்துத் திரும்ப வந்தால், முதலில் சென்சாரையும் ஒயரையும் சந்தேகப்படுங்கள்.

ஐந்து, சீரான வேகத்தில் போகும்போது ரோட்டில் வரிவரியாக மேடு இருப்பதுபோன்ற அதிர்வு. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக் கிளட்ச் சரியாகப் பிடிக்காதபோது இப்படி வரும். ஆனால் இஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் கிட்டத்தட்ட இதே அதிர்வுதான். ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டிய வேலை இந்தக் குழப்பத்தில் கியர்பாக்ஸில் போய் நிற்கக் கூடாது.

இனி சோதனைகள். மலிவானதிலிருந்து வருகிறேன்.

முதலாவது பேட்டரி. நம்மில் பலருடைய வண்டி வாரக்கணக்கில் கீழ்த்தளத்திலேயே நிற்கிறது. மாறுவது கியர், மாற்றுவது மின்சாரம். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்யூட்டரும் வால்வுகளும் ஏஎம்டி கருவியும் தடுமாறும். முழுதாகச் சார்ஜ் ஆன நல்ல பேட்டரி இஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5-க்கும் 14.5-க்கும் இடையே இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகளில் கம்ப்யூட்டர் மறுபடி பழகும்வரை கியர் சற்று முன்பின் மாறும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது எலி. நம் கீழ்த்தளத்து எலிகளைப் பற்றி இந்தச் சபைக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்து கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சென்சார் ஒயர் அறுந்தால் போதும், வண்டி ஒரே கியரில் நின்றுவிடும்.

மூன்றாவது ஆயில். டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பேறினால் வயது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறமென்றால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த வண்டியை ஓட்டவே கூடாது. இன்றைய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாக லிஃப்டில் ஏற்றி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும் என்பதால் கண்மதிப்பு செல்லாது. கம்பெனி கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். சிவிடிக்கு அதற்கென்று தனி ஆயில்.

நான்காவது ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோட் வரும். பி0700 என்று வந்தால், கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று மட்டும் பொருள். பி0715 உள்ளே நுழையும் வேகத்தை அளக்கும் சென்சாரின் சுற்று. பி0720 வெளியேறும் வேகத்தை அளப்பதன் சுற்று. பி0730 என்றால் போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அதாவது நழுவல். மலிவான ஸ்கேனர்கள் பல இஞ்சினை மட்டுமே படிக்கும். ஆகவே கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனரா என்று கேளுங்கள். கோட் சென்சாரின் பெயரைச் சொன்னால் சென்சார்தான் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அதற்குப் போகும் ஒயரும் கனெக்டரும் அந்தச் சுற்றில்தான் இருக்கின்றன.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மச்சானிடம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் இருக்கிறது. ஒருநாள் போனில், "மாப்ள, மூணாவது கியர் விழறதுக்குள்ள இஞ்சின் கெடந்து கத்துதுங்க. உள்ள கிளட்ச் போயிருச்சு, இறக்கணும்கறாங்க" என்றார். "இறக்கறது இருக்கட்டுங்க மச்சான், பத்து நாள் எழுதிப் பாருங்க" என்றேன்.

நோட்டில் வந்தது இதுதான். பொள்ளாச்சியைச் சுற்றி சமதளத்தில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் நழுவல். இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: காலையில் ஷெட் தரையில், வண்டியின் முன்பக்கத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

கியர்பாக்ஸ் இருப்பது நடுவில், கறை இருப்பதோ முன்னால். வேறொரு மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார். பிற்பாடு வெளியில் பொருத்திய முன்பக்க கார்டின் இரும்புப் பட்டை, ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ஹோஸில் உராய்ந்து உராய்ந்து கசிய விட்டிருந்தது. ஆயில் குறைந்ததால் ஏற்றத்தில் அது பின்பக்கம் ஒதுங்கியபோது பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. சமதளத்தில் அது தெரியவில்லை. வடித்த ஆயில் பழுப்பாக இருந்தது, ஆனால் கருகல் வாடையோ இரும்புச் சில்லோ இல்லை. ஹோஸை மாற்றி, பட்டையை நகர்த்தி, சரியான ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பினார்கள். அதன்பின் வால்பாறை போய்வந்தபோது நழுவவில்லை. அப்படியே இன்னும் ஆறு மாதம் ஏற்றியிருந்தால் உள்ளே கிளட்ச் உண்மையாகவே எரிந்திருக்கும், இறக்கச் சொன்னதும் சரியாகிப் போயிருக்கும்.

எல்லாப் பழுதும் ஹோஸில் முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வடித்த ஆயிலில் மின்னும் உலோகச் சில்லுகள் இருந்தால், கருகல் வாடையோடு நழுவலும் சேர்ந்தால், ஆயில் சரியாக இருந்தும் ரிவர்ஸ் விழவே இல்லையென்றால், தயங்காமல் இறக்கச் சொல்லுங்கள். ஆயில் தட்டிலுள்ள காந்தத்தில் மாவு போன்ற கறுப்புப் பொடி ஒட்டியிருப்பது மட்டும் சகஜம், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன கோட் வந்தது? ஆயில் அளவு எந்த முறையில் பார்த்தீர்கள்? என்னை உட்காரவைத்து ஓட்டிக் காட்ட முடியுமா? மாற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் எழுதிய நோட்டு அவருக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கடைசியாக, நம் வளாகத்துக்கே உரிய ஒன்று. கீழ்த்தளச் சரிவில் முன்வண்டி நகரக் காத்திருக்கும்போது பலர் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்கிறார்கள். ஏஎம்டியிலும் டிசிடியிலும் அது கிளட்ச்சைச் சுடவைக்கும். பிரேக்கை மிதியுங்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு "பி". வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். பல ஆட்டோமேட்டிக்குகளில் இஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது. இயக்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே காய்ந்து தேயும். லாரியில் ஏற்றிச் செல்வதே நல்லது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். கியர்பாக்ஸையும் படிக்கும் ஸ்கேனர் ஒன்றும், வோல்ட் மீட்டர் ஒன்றும் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். யாருக்குத் தேவையோ அவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லட்டும். நான்கு பத்தி நோட்டுத் தாளை நான் அச்சடித்துச் செக்யூரிட்டி மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டி தடுமாறினால் முதலில் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.