13 குடியேற்றங்கள் ஒரு பேரரசை ஜெயிச்சது எப்படி? நமக்கு அதுல என்ன பாடம்?

(நமது தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க.)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். வரலாறு எனக்குப் பத்தாம் வகுப்போட முடிஞ்சு போச்சு. இந்த அணிக்கு வந்தப்புறம்தான் ஒரு கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. போன் இல்ல, நெட் இல்ல. அந்தக் காலத்துல அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள், உலகின் மிகப்பெரிய கடற்படையை வச்சிருந்த பிரிட்டனை எதிர்த்து எப்படி ஒண்ணு சேர்ந்தாங்க? தேடிப் படிச்சேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

பிரான்சோடு நடந்த பெரிய போர் 1763-ல் முடிஞ்சப்ப பிரிட்டனுக்குக் கழுத்தளவு கடன். அந்தச் செலவுல ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்கள் தலையில் வைக்கலாம்னு லண்டன் முடிவு பண்ணுச்சு. 1765-ல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரிகைக்கு வரி, கோர்ட் பத்திரத்துக்கு வரி, சீட்டுக்கட்டுக்குக்கூட வரி! மக்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: "லண்டன் நாடாளுமன்றத்துல எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்ல. எங்களைக் கேட்காம எங்க மேல வரி போட நீங்க யாரு?" எதிர்ப்பு தாங்காம, அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனா வேற வேற வரிகள் வந்துக்கிட்டே இருந்துச்சு.

இப்போ 1770, மார்ச் 5-க்கு வாங்க. பாஸ்டன் நகரம், ராத்திரி நேரம். கூட்டம் பனிக்கட்டியையும் குச்சியையும் எறியுது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுடுறாங்க. ஐந்து பேர் செத்துப் போறாங்க. மூணே வாரத்துல பால் ரெவெர் என்பவர் ஒரு படம் அச்சடிச்சு விக்கிறார். அதுல சிப்பாய்கள் வரிசையா நிக்கிறாங்க, அதிகாரி உத்தரவு கொடுக்கிறார், கையில் ஒண்ணுமே இல்லாத மக்களைச் சுடுறாங்க. உண்மையில் நடந்தது அந்த ஒழுங்குல இல்ல, ஒரே களேபரம். ஆனா படம் பரவிடுச்சு. நம்ம பாஷையில் சொன்னா, வைரல்.

அந்தச் சிப்பாய்களுக்காகக் கோர்ட்ல வாதாடினது யார் தெரியுமா? ஜான் ஆடம்ஸ். குடியேற்ற மக்கள் பக்கம் நின்ற வழக்கறிஞர்! எதிரியா இருந்தாலும் நியாயமான விசாரணை வேணும்னு நின்றார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, ரெண்டு பேருக்கு மட்டும் தண்டனை. "நம்ம ஆளே இப்படிப் பண்ணலாமா"ன்னு ஊரே பேசுச்சு. ஆனா அதே ஆடம்ஸ்தான் பின்னாடி சுதந்திரத்துக்காக மாநாட்டில் உரக்கப் பேசினார். நாட்டின் ரெண்டாவது ஜனாதிபதியும் ஆனார். உண்மையைச் சொன்னதால் அவர் இயக்கம் தோற்கல தோழர்களே.

அடுத்து 1772. சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியில் பாஸ்டனில் ஒரு கடிதத் தொடர்புக் குழு ஆரம்பிச்சாங்க. ஒரு ஊர்ல நடக்கிறதை அடுத்த ஊருக்கு எழுதுறது, அங்க கூட்டம் போட்டுப் படிக்கிறது, பதில் எழுதுறது. குதிரையில் போற வாட்ஸ்அப் குரூப்னு வச்சுக்கோங்க. மெல்ல மெல்ல மற்ற குடியேற்றங்களிலும் இந்த மாதிரிக் குழுக்கள் வந்துச்சு.

அதோட பலன் 1773-ல் தெரிஞ்சது. விக்காத தேயிலை குவிஞ்சு கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாத்த ஒரு சட்டம் வந்தது. ஆமா, நம்ம சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான்! அந்தச் சட்டத்தால் தேயிலை விலை குறைஞ்சது. ஆனா வரி அப்படியே இருந்துச்சு. மலிவான டீயைக் குடிச்சா அந்த வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு மக்களுக்குப் புரிஞ்சது. டிசம்பர் 16 ராத்திரி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினாங்க.

லண்டன் கோபத்துல பாஸ்டன் துறைமுகத்தையே மூடிடுச்சு. ஒரு ஊரைப் பட்டினி போட்டா மத்தவங்க பயந்துடுவாங்கன்னு கணக்கு. ஆனா தெற்கே சவுத் கரோலினாவில் இருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டில் இருந்து ஆடுகள் வந்தது. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் ஒண்ணா உட்கார்ந்தாங்க.

1775 ஏப்ரலில் சண்டை மூண்டுடுச்சு. அப்பவும் பல பேருக்கு ராஜாவை விட்டு விலக மனசு வரல. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் இருந்து வந்து ரெண்டு வருஷம்கூட ஆகாதவர். ராஜா எதுக்குன்னு சாதாரண ஜனங்களோட மொழியில் கேட்டார். அந்த ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம் வந்தாச்சு.

அறிவிச்சதும் கையில் வந்துடல. 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் வீரர்கள் சுமார் 2,000 பேர் நோயில் செத்தாங்க. பிரான்ஸ் உதவிக்கு வந்த பிறகு, 1781-ல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அதே கார்ன்வாலிஸ் 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலா வந்தார்! அந்தப் போர் நம்ம கடலூர் வரைக்கும் வந்தது. 1783 ஜூனில் அங்க பிரெஞ்சுப் படையை பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டிருந்தப்ப, ஐரோப்பாவில் சமாதானம் ஆயிடுச்சுன்னு தகவல் வந்துதான் சண்டை நின்னுச்சு. அந்த செப்டம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதுல மறைக்கக் கூடாத ஒண்ணு இருக்கு. எல்லாரும் சமம்னு பிரகடனம் எழுதின ஜெபர்சன், அடிமைகளை வச்சிருந்தவர். அடிமை முறை ஒழிய 1865 வரைக்கும் ஆச்சு. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் அது விடுதலையா அமையல. ஒரு வெற்றியைக் கொண்டாடும்போது, அது யாரை விட்டுட்டுப் போச்சுன்னும் சேர்த்தே சொல்லணும்.

கடைசியா என் கதை. போன வருஷம் மழை நேரத்துல ஒரு வெள்ள வீடியோ போட்டேன். ஆயிரக்கணக்குல ஷேர். மறுநாள் ஒரு அக்கா கமெண்ட்ல, "தம்பி, இது பழைய வீடியோ, எங்க ஊரே இல்ல"ன்னு எழுதினாங்க. நான் உடனே எடுக்கல. நம்ம பக்கத்துக்கு நல்லதுதானேன்னு ஒரு நாள் முழுக்க விட்டு வச்சேன். அந்த ஒரு நாள் இன்னும் உறுத்துது. அதுக்கப்புறம் நான் போட்ட நிஜமான வீடியோவுக்கும் "இது எந்த ஊரு தம்பி"ன்னுதான் கேட்டாங்க.

ரெவெர் படம் மாதிரி வேகமா பரவுறதைச் செய்யறது ஈஸி. ஆனா 13 குடியேற்றங்கள் கடைசி வரைக்கும் சேர்ந்து நின்னதுக்குக் காரணம், ஒருத்தர் எழுதின கடிதத்தை இன்னொருத்தர் நம்பினது. அந்த நம்பிக்கையைக் காப்பாத்துறதுதான் நம்ம வேலை. ஷேர் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சரிபாருங்க. தப்புன்னு தெரிஞ்சா, நமக்குச் சாதகமா இருந்தாலும், அந்த நிமிஷமே எடுத்துட்டு மன்னிப்பு கேளுங்க.