அறுபதில் ஒரு பங்கு



நோயாளியைப் பார்க்கப் போகிறவர், அவருடைய நோயில் அறுபதில் ஒரு பங்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறாராம். யூதர்களின் சமய நூலான தல்மூத் சொல்லும் கணக்கு இது. அப்படியானால் அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் நோய் பறந்துவிடுமே என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் மடக்கியிருக்கிறார். இல்லை, ஒவ்வொருவரும் எடுப்பது மிச்சமிருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கு என்று பதில் வந்தது. ஆக, கொஞ்சம் நோய் எப்போதும் பாக்கி! இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

போவதற்கும் நேரம் உண்டு. விடிந்த முதல் மூன்று மணி நேரத்தில் நோயாளி தெளிவாகத் தெரிவார். பிரார்த்தனை செய்யத் தோன்றாது. பொழுது சாயும் கடைசி மூன்று மணி நேரத்தில் துவண்டு கிடப்பார். நமக்கு நம்பிக்கை விட்டுப்போகும். இரண்டு வேளையும் வேண்டாம். நோயாளிக்கான பிரார்த்தனையில் அவர் பெயரோடு அம்மாவின் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

தல்மூத்தில் ஒரு கதையும் உண்டு. யோகனான் என்று ஒரு ரபி, அதாவது மத ஆசான். படுத்திருந்த சீடரிடம் போய், இந்தத் துன்பம் உனக்குப் பிரியமா என்று கேட்டார். துன்பமும் வேண்டாம், அதனால் வரும் புண்ணியமும் வேண்டாம் என்றார் சீடர். யோகனான் கையைப் பிடித்துத் தூக்கினார், அவர் எழுந்துவிட்டார். பிறகு யோகனானே படுக்கையில் விழுந்தார். அடுத்தவரை எழுப்பியவர் தானாக எழக் கூடாதா? சிறையில் கிடப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாதே என்கிறது தல்மூத். ரபி ஹனினா வந்தார். கையை நீட்டச் சொன்னார்.