நிரலாளரின் மேசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மேசை. கணினிக்கு நிரல் எழுதுவோர் அமர்ந்து தொழில் புரியும் மேசையையும், அதன்மேல் அவர்கள் விரும்பி அமைத்துக்கொள்ளும் கருவிகளையும் பற்றியே பேசப் புகுந்தோம். இது விழாவுக்கு உரிய பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். நம் காலனியில் நிரல் எழுதும் மகனோ, மகளோ, மருமகளோ இல்லாத வீடு அரிது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அலுவலகம் வீட்டுக்குள் புகுந்தது. தொற்று தணிந்த பின்னும் பல வீடுகளை விட்டு அது முற்றிலும் வெளியேறவில்லை. உணவு மேசையின் ஒரு மூலையிலும், கட்டிலின் மீதும், நடைவழியிலும் அமர்ந்து நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் நம் பிள்ளைகள் உழைக்கின்றனர். அவர்களுடைய கழுத்தும் மணிக்கட்டும் கண்ணும் படுகின்ற பாட்டைக் குடும்பத்தார் அறிதல் வேண்டும் என்பதே நம் நோக்கம்.

எழுபதினாயிரம் ரூபாய் கொடுத்து மடிக்கணினி வாங்கித் தரத் தயங்காத தந்தை, மகன் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு விசைப்பலகை கேட்டால் முகம் சுளிக்கிறார். "கணினியிலேயே விசைகள் இருக்கின்றனவே, மற்றொன்று எதற்கு?" என்று வினவுகிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியும் உடன் வருகிறது. பழமொழி மெய்யே. ஆயினும் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்குமாயின், ஆடத் தெரிந்தவளும் இடறி விழுவாள் அன்றோ?

இவ்வினாவுக்கு ஜப்பான் நாட்டறிஞர் ஒருவர் அழகிய விடை அளித்துள்ளார். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியராயிருந்த எயிச்சி வாதா என்பவர், நிரலாளருக்கென அறுபதே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையை வகுத்தார். 'ஹாப்பி ஹாக்கிங் கீபோர்டு' என்னும் பெயருடன் 1996-இல் அது விற்பனைக்கு வந்தது. அவர் காட்டிய உவமை, அமெரிக்க நாட்டு மாடு மேய்ப்போரைப் பற்றியது. வழியில் குதிரை இறந்துபட்டால் அவர்கள் அதை அங்கேயே விட்டுச் செல்வர். ஆனால் சேணத்தை மட்டும் எவ்வளவு தொலைவாயினும் சுமந்து செல்வர். குதிரை மாறும், உடலோடு பொருந்திப் பழகிய சேணம் மாறாது. கணினி குதிரை, விசைப்பலகை சேணம். நான்கைந்து ஆண்டுகளில் கணினி பழையதாகிவிடும். விரல்களின் பழக்கமோ வாழ்நாள் முழுதும் உடன் வரும்.

பழக்கத்தின் வலிமைக்கு மற்றொரு சான்று கூறுவோம். 1976-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்னும் மாணவர் 'வி.ஐ.' என்ற உரைதிருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்திய 'ஏ.டி.எம்.-3ஏ' என்னும் முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மீதே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனால் அந்நான்கு விசைகளே வரிகளுக்கிடையே நகரும் கட்டளைகளாயின. அம்முனையம் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் அவ்வழியில் வந்த 'விம்' உரைதிருத்தியைக் கையாளும் இளைஞரின் விரல்கள் அந்நான்கு விசைகளின் மீதே உலவுகின்றன. ஒருவருடைய மேசையில் இருந்த கருவி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பலருடைய கைகளை ஆண்டு வருகிறது!

விசைகளின் வகையையும் அறிந்துகொள்வது நன்று. 1985-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'மாடல் எம்' பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் உண்டு. அழுத்தும்போது அது மடங்கி 'டக்' என்று ஒலிக்கும். விசை பதிந்தது என்பதை விரலும் செவியும் ஒருங்கே உணரும். அதனை இன்றும் போற்றி வைத்திருப்போர் உளர். ஜெர்மனியின் செர்ரி நிறுவன விசைகளில் நிறத்தைக் கொண்டு தன்மையை அறியலாம். நீலம் ஒலி எழுப்பும். பழுப்பு பேரொலியின்றி இடையே ஒரு சிறு தடையை விரலுக்கு உணர்த்தும். சிவப்பு தடையின்றி வழுக்கி இறங்கும். இவற்றுள் எது சிறந்தது என்று இளைஞர்கள் ஓயாது வாதிடுவர். நாம் சொல்லக்கூடியது ஒன்றே: இரண்டு அறை வீட்டில், கடல் கடந்த நாட்டின் நேரத்துக்கேற்ப நள்ளிரவில் பணிபுரிபவர் நீல விசையை வாங்குவாராயின், பாட்டியின் உறக்கம் கலையும்; மறுநாள் வீட்டின் அமைதியும் கலையும்.

"அப்படியாயின் கணினியின் ஆற்றல் பொருட்டன்றா?" என்று கேட்கலாம். தேவைக்கேற்ற பொருட்டே. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை 1991-இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அன்று ஹெல்சிங்கியில் ஒரு சாதாரண '386' கணினியில்தான் தம் பணியைத் தொடங்கினார். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் முப்பத்திரண்டு கருக்கள் கொண்ட செயலிக்கு மாறியபோது, தம் சோதனைத் தொகுப்புகள் மூன்று மடங்கு விரைவாக முடிவதாக அறிவித்தார். உலகெங்கிலுமிருந்து வரும் மாற்றங்களை நாள்தோறும் தொகுத்துப் பார்ப்பவர்க்கு அவ்வேகம் வேண்டும். அத்தகையவரும் தம் அறையில் பெரிதும் நாடியது ஓசையின்மையை. நின்றும் நடந்தும் பணிபுரிவதற்கேற்ற மேசையையும் அவர் அமைத்துக்கொண்டிருந்தார். நிரல் கற்கத் தொடங்கும் கல்லூரி மாணவர்க்கு முப்பத்திரண்டு கருக்கள் வேண்டா. சுழலும் தட்டுள்ள பழைய கணினியில் திண்மத் தட்டு ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் சற்றுக் கூட்டினால் அது மீண்டும் உயிர் பெறும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றமையால் பல கணினிகள் பரணுக்குச் செல்கின்றன. அவற்றில் லினக்ஸை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இனி உடலைப் பற்றிச் சில சொற்கள். மடிக்கணினி பயணத்துக்கென அமைந்த பொருள். அதில் திரையும் விசைகளும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. கைகளுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள்கள் தூக்கி நிற்கும். இரண்டையும் ஒருங்கே பொருத்த இயலாது. தனி விசைப்பலகை கேட்கும் மகன் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை என்பதற்கு இதுவே காரணம். நான்கு தடித்த புத்தகங்களின் மேல் மடிக்கணினியை உயர்த்தித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொணர்க. திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். தனிப் பலகையும் சுட்டியும் மேசைமீது இருக்க, முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாகவும் மணிக்கட்டு நேராகவும் அமையட்டும். பாதங்கள் தரையில் படியாவிடில் ஒரு மனைப்பலகையைக் காலடியில் இடுக. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது விநாடி நோக்குக. சன்னல் திரைக்குப் பின்னும் வேண்டா, முதுகுக்குப் பின்னும் வேண்டா. பக்கவாட்டில் இருத்தல் நலம்.

ஆகவே பொருள் வாங்கும் வரிசையை நாம் இவ்வாறு வகுக்கிறோம். முதலாவது நாற்காலி, அடுத்தது விசைப்பலகை, மூன்றாவது திரை, நான்காவது, மின்தடையின்போது கணினியையும் இணைய இணைப்புக் கருவியையும் தாங்கும் மின்கலம், கடைசியில்தான் கணினியின் வேகம். கடைக்காரர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கூறுவார். சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும்? பல வண்ண விளக்குகள் ஒளிரும் மேசையைப் படத்தில் கண்டு மயங்கும் இளைஞர்க்கும் இதனையே கூறுவோம். விளக்கு நிரல் எழுதாது.

மேசையில் தமிழுக்கும் இடம் வேண்டும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசை அமைப்பில் பெரும்பாலும் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்வரிசை எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. இதற்குத் தனிப் பலகை வேண்டா. ஒரு காசும் செலவில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. தமிழ் வழங்காத நகரில் பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகள், பத்து நாட்கள் அரைமணி நேரம் பழகினால் ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழிலேயே மடல் எழுதலாம்.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளிற் பலவற்றில் தனி அறைக்கு இடமில்லை. ஒரு மேசைக்கே இடமில்லாத வீடுகளும் உண்டு. பகற்பொழுதில் நம் சங்க நூலகம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. அங்கே நல்ல நாற்காலிகளோடு மூன்று மேசைகளை அமைப்போம். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் திரையையும் விசைப்பலகையையும் உறுப்பினர்கள் அங்கே கொணர்ந்து தருக. அரங்கேற்றத்துக்கு மேடை அமைத்துத் தந்த சங்கம், வீட்டில் இடமின்றி வாடும் பிள்ளைக்கு ஒரு மேசையும் தந்ததென்ற பெயரை இவ்வாண்டே பெறுவதாக.